டீசல் பாய்லருக்குப் புகைக்கூண்டு: திருநெல்வேலிப் பக்கத்தில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

எண்ணெயில் எரியும் வெந்நீர் பாய்லர் குளிர்நாட்டு வீடுகளுக்காகப் பிறந்த கருவி. அங்கே அது குளிர்காலம் முழுவதும் வீட்டைச் சூடாக்குகிறது. நம் பக்கத்தில் தங்கும் விடுதிகள், மாணவர் விடுதிகள், கல்யாண மண்டபங்கள், கூட்டுக்குடும்பம் வாழும் சில பெரிய வீடுகள் ஆகியவற்றில் டீசல் பர்னருடன் காலையில் ஒரு மணி நேரம், மாலையில் அரை மணி நேரம் என்று ஓடுகிறது. கருவியோடு வரும் குறிப்பேடு குளிர்நாட்டை மனத்தில் வைத்து எழுதப்பட்டிருப்பதால், நம் வெயிலுக்கும் சாரலுக்கும் மேற்கிலிருந்து வீசும் மேல்காற்றுக்கும் எது பொருந்தும் என்ற ஐயம் பலருக்கும் எழுகிறது. அந்த ஐயங்களுக்கான விடைகள் இவை. குற்றாலமும் செங்கோட்டையும் 2019 முதல் தென்காசி மாவட்டத்தில் இருந்தாலும், காற்றும் மழையும் மாவட்ட எல்லை பார்ப்பதில்லை என்பதால் அவற்றையும் சேர்த்தே எழுதியிருக்கிறது.

எங்கள் பாய்லரிலிருந்து புகையே வருவதில்லை. அதற்கு எதற்குப் புகைக்கூண்டு?

கண்ணுக்குத் தெரியும் புகை வராமல் இருப்பது பர்னர் ஓரளவு ஒழுங்காக எரிகிறது என்பதற்கு அடையாளம். எதுவும் வெளியேறவில்லை என்பதற்கு அடையாளம் அன்று. ஒரு லிட்டர் டீசல் எரிந்தால் இரண்டரைக் கிலோவுக்கு மேல் கரியமில வாயுவும், ஏறக்குறைய ஒரு லிட்டர் தண்ணீருக்குச் சமமான நீராவியும் உண்டாகின்றன. இவற்றோடு கந்தக வாயு, நைட்ரஜன் ஆக்சைடுகள், நுண்ணிய கரித்துகள் ஆகியவையும் சிறிய அளவில் வருகின்றன. காற்று போதாமலோ எண்ணெயைத் தெளிக்கும் நாசில் அடைபட்டோ எரிதல் அரைகுறையானால் கார்பன் மோனாக்சைடும் சேர்ந்துவிடும். அதற்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. கரும்புகை கண்ணை எரித்து நம்மை வெளியே துரத்திவிடும். கார்பன் மோனாக்சைடோ ஆளை இருந்த இடத்திலேயே தூங்க வைத்துவிடும். புகைக்கூண்டின் முதல் வேலை இந்தக் கண்ணுக்குத் தெரியாத வாயுவை வெளியேற்றுவதுதான்.

கார்பன் மோனாக்சைடு அறைக்குள் வந்திருப்பதை எப்படி அறிவது? அறிந்தால் என்ன செய்வது?

தலைவலி, கிறுகிறுப்பு, குமட்டல், காரணமில்லாத அசதி ஆகியவை முதலில் வரும். வெயிலில் அலைந்ததாலோ பித்தத்தாலோ வந்தது என்று எண்ணி, அதே அறையில் படுத்து ஓய்வெடுப்பதுதான் பெரும் ஆபத்து. பாய்லர் ஓடும்போது ஒருவருக்கு மேற்பட்டவர்களுக்கு ஒரே நேரத்தில் தலைவலி வருவதும், வெளியே வந்து நின்றால் குறைவதும், வீட்டு நாயோ பூனையோ சோர்ந்து கிடப்பதும் தெளிவான எச்சரிக்கைகள்.

இந்த வாயு இரத்தத்திலுள்ள ஹீமோகுளோபினை ஆக்சிஜனைவிட 200 மடங்குக்கும் மேலான பிடிப்புடன் பற்றிக்கொள்கிறது. ஹீமோகுளோபினில் ஏறியிருப்பது ஆக்சிஜனா இந்த வாயுவா என்ற வேறுபாட்டை விரலில் மாட்டும் ஆக்சிமீட்டர் காட்டாது. 98 என்று காட்டிக்கொண்டிருக்கும்போதே ஆள் மயங்கி விழலாம். கொரோனா காலத்தில் வாங்கி வைத்த கருவியை மாட்டிப் பார்த்துவிட்டு நிம்மதி அடைய வேண்டாம்.

அப்படி ஐயம் எழுந்தால், முதலில் எல்லோரையும் வெளியே கொண்டுவர வேண்டும். போகிற வழியில் எட்டும் தூரத்தில் இருந்தால் பாய்லரின் சுவிட்சை அணைத்துக் கதவுகளைத் திறந்துவிடலாம்; அதற்காக உள்ளே தங்கக் கூடாது. உடனே 108-ஐ அழைக்க வேண்டும். அருகில் இருப்பவர்கள் பாளையங்கோட்டை ஹைகிரவுண்டிலுள்ள அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குச் செல்லலாம். "டீசல் பாய்லர் அறையில் இருந்தோம்" என்று மருத்துவரிடம் முதல் வாக்கியத்திலேயே சொல்லிவிட வேண்டும். சாதாரணக் காற்றை மூச்சிழுத்தால் இரத்தத்தில் ஏறிய வாயு பாதியாகக் குறைய நான்கைந்து மணி நேரம் ஆகும். முகமூடி வழியாகத் தூய ஆக்சிஜன் கொடுத்தால் ஒன்று, ஒன்றரை மணி நேரத்தில் பாதியாகிவிடும். மருத்துவமனைக்குப் போவதில் காலம் தாழ்த்தக் கூடாது என்பதற்கு இதுவே காரணம்.

அலாரம் வாங்கி மாட்டினால் போதாதா?

மாட்டத்தான் வேண்டும், ஆனால் சரியானதை வாங்க வேண்டும். பாத்திரக் கடைகளில் கிடைக்கும் சமையல் எரிவாயுக் கசிவு அலாரம் கார்பன் மோனாக்சைடை உணராது. சமையல் எரிவாயு காற்றைவிடக் கனமானது, தரையோடு தங்கும். கார்பன் மோனாக்சைடோ காற்றைவிட மிகச் சிறிதளவே இலேசானது, அறை முழுவதும் கலந்துவிடும். எனவே அதற்கான அலாரத்தை நாம் மூச்சுவிடும் உயரத்தில், பாய்லர் அறைக்கு அடுத்து ஆட்கள் படுக்கும் அறையில் மாட்டுவது நல்லது. அதன் உணரிக்கு ஆயுள் சில ஆண்டுகளே என்பதால் பின்புறம் அச்சிட்டிருக்கும் காலாவதி ஆண்டைப் பார்த்து வாங்குங்கள். அலாரம் இருக்கிறது என்பதற்காகப் புகைக்கூண்டில் ஒரு அடிகூடக் குறைக்கக் கூடாது.

புகைக்கூண்டு எவ்வளவு உயரம் இருக்க வேண்டும்?

கூண்டு வாயுவை மேலே இழுக்கும் இழுவை என்பது சூடான வாயு இலேசாக இருப்பதாலும், வெளிக்காற்று கனமாக இருப்பதாலும் உண்டாவது. வெளியே குளிர் கூடினால் இழுவை கூடும். வெயில் கூடினால் குறையும். 6 மீட்டர் உயரமுள்ள கூண்டில் 200 டிகிரி வெப்பமுள்ள வாயு நிறைந்திருப்பதாகக் கொண்டால், வெளியே பூஜ்யம் டிகிரி இருக்கும் நாட்டில் கணக்குப்படி 3.3 மில்லிமீட்டர் நீர்மட்ட அளவு (அழுத்தத்தை நீர்மட்ட உயரத்தால் சொல்லும் முறை) இழுவை கிடைக்கும். நம் ஊரின் 30 டிகிரிக் காலையில் அது 2.5 மில்லிமீட்டர், அக்கினி நட்சத்திர நண்பகலின் 40 டிகிரியில் 2.3 மில்லிமீட்டர்தான். குழாய்க்குள் ஏற்படும் உராய்வையும் போகிற வழியில் வாயு ஆறுவதையும் கழித்தால் இன்னும் குறையும். அங்கே போதுமான உயரம் இங்கே சற்றுக் குறைவாக அமைந்துவிடும் என்பதே இதன் பொருள். குறிப்பேட்டில் உள்ள குறைந்தபட்ச உயரத்துக்கு மேல் ஓரிரு அடி சேர்த்துக் கட்டுவதில் கஞ்சத்தனம் வேண்டாம்.

உச்சி எங்கே முடிய வேண்டும் என்பதற்குப் பல நாடுகளிலும் பின்பற்றப்படும் எளிய அளவு ஒன்று உண்டு: கூரையைத் துளைத்து வெளிவரும் இடத்திலிருந்து மூன்று அடியாவது மேலே எழ வேண்டும், சுற்றிலும் பத்தடிக்குள் இருக்கும் எதைவிடவும் இரண்டடி உயர்ந்திருக்க வேண்டும். நம் மொட்டை மாடிகளில் அந்தப் பத்தடிக்குள் கைப்பிடிச் சுவர், மாடிப்படி அறை, தண்ணீர்த் தொட்டி மூன்றும் வந்துவிடுகின்றன. கூண்டைக் கட்டி முடித்த மறு ஆண்டு அதன் மேற்கே ஒரு தொட்டியை ஏற்றி வைப்பது வழக்கமாக நடக்கும் கேடு. மேல்காற்று தொட்டியில் மோதி, சுழன்று, கூண்டுக்குள் கீழ்நோக்கி இறங்கும். அன்று முதல் பாய்லர் அறையில் டீசல் நெடி அடிக்கத் தொடங்கும்.

வளவு வீடுகளில் பக்கத்து வீட்டின் மாடி எழும்பினாலும் இதே நிலைதான். சுவருக்குச் சுவர் ஒட்டிய இடங்களில் அடுத்த வீட்டுச் சன்னலுக்கும், அவர்கள் துணி காயப்போடும் கொடிக்கும் பத்தடியாவது தள்ளி உச்சி அமைவது உறவுக்கும் நல்லது.

இவ்வளவு உயரம் எதற்கு? சுவரைத் துளைத்துக் குழாயைத் தெருப்பக்கம் நீட்டிவிடலாமே?

பர்னரிலேயே விசிறி இருக்கிறதே, அது தள்ளிவிடாதா என்று கொத்தனார்கள் கேட்பதுண்டு. அந்த விசிறி எரிவதற்குக் காற்றைக் கொடுக்கும் அளவுக்குத்தான் அமைக்கப்பட்டது. சுவர்வழி வெளியேற்றுவதற்கென்றே தயாரிக்கப்பட்ட பாய்லர்கள் தனி வகை. அவற்றில் குழாயின் ஒவ்வொரு மூட்டும் காற்றுப் புகாமல் அடைக்கப்பட்டிருக்கும், அல்லது புகையை இழுக்கத் தனி விசிறியும் அது நின்றால் பர்னரை நிறுத்தும் சுவிட்சும் இருக்கும். உங்களுடையது அந்த வகை என்று தயாரிப்பாளர் எழுத்தில் சொல்லாதவரை சுவரைத் துளைக்காதீர்கள். சாதாரண பாய்லரின் குழாயை மேற்கு பார்த்த சுவரில் நீட்டினால், ஆனி ஆடியில் ஆரியங்காவுக் கணவாய் வழியாக வரும் காற்று தீச்சுடரையே பர்னர் பக்கம் திருப்பித் தள்ளும்.

பாய்லர் அறைக்குச் சன்னல் வேண்டுமா?

கூண்டைப் பற்றிக் கேட்கும் அளவுக்கு இதை யாரும் கேட்பதில்லை. ஆனால் நான் பார்த்த கோளாறுகளில் பெரும்பாலானவற்றுக்கு இதுதான் மூலம் என்பதால் சற்று விரிவாகவே சொல்கிறேன்.

மணிக்கு 3 லிட்டர் டீசல் எரிக்கும் ஒரு பர்னரை எடுத்துக்கொள்ளுங்கள். 500 லிட்டர்த் தண்ணீரைச் சாதாரணச் சூட்டிலிருந்து 60 டிகிரிக்கு ஏற்ற அதற்கு ஏறக்குறைய முக்கால் மணி நேரம் பிடிக்கும். அது மணிக்குச் சுமார் 40 கன மீட்டர் காற்றை உறிஞ்சும். பத்துக்குப் பத்து அளவில் பத்தடி உயரமுள்ள அறையின் மொத்தக் கொள்ளளவே 28 கன மீட்டர்தான். அறையிலுள்ள காற்று முழுவதையும் ஒரு மணி நேரத்துக்குள் ஒரு முறை குடித்துவிட்டு, இன்னும் கேட்கும் என்று பொருள். வெளியிலிருந்து காற்று வரவில்லையென்றால் கூண்டு எவ்வளவு உயரமாக இருந்தும் பயனில்லை; உள்ளே வராத காற்றை அது எப்படி மேலே இழுக்கும்?

இந்த அளவு பர்னருக்கு வெளிச்சுவரில் தரையை ஒட்டி ஒன்றும், கூரையை ஒட்டி ஒன்றுமாக இரண்டு திறப்புகள் வேண்டும். ஒவ்வொன்றும் ஐந்து அங்குலச் சதுரத்துக்குக் குறையாமல் இருக்க வேண்டும். இது தடையில்லாத வெற்றுத் திறப்பின் அளவு. சாய்வுப் பட்டைகளோ கம்பி வலையோ போட்டால் திறப்பை இருமடங்காக்க வேண்டும். கொசுவலை வேண்டவே வேண்டாம். எண்ணெய்ப் பிசுக்கும் தூசியும் படிந்து மூன்று மாதத்தில் அது துணிபோல் அடைத்துக்கொள்ளும்.

குற்றாலத்தில் ஒரு விடுதியின் பாய்லர் அறையில், இந்தத் திறப்புகளை முறைப்படி விட்டிருந்தார்கள். சாரல் தொடங்கியதும், தூறல் உள்ளே அடித்துப் பர்னரின் மின்பெட்டி நனைகிறது என்று பணியாளர் மேல் திறப்பில் சிமெண்டுச் சாக்கை மடித்துத் திணித்திருந்தார். கீழ்த் திறப்பின்மேல் துவைத்த துண்டுகள் காய்ந்துகொண்டிருந்தன. விருந்தினர் நிறைந்து, பாய்லர் ஓயாமல் ஓடும் மாதங்களும் அவைதான். பர்னரின் பார்வைக் கண்ணாடி உள்பக்கம் கறுத்திருந்தது. பாய்லரின் முன்கதவு விளிம்பில் மையிட்டதுபோல் கரிக்கோடு படிந்திருந்தது. சாக்கை எடுத்துவிட்டுத் திறப்புக்கு வெளியே சாய்வான தகர மறைப்பு ஒன்றை அடித்ததும் தூறலும் நின்றது, கரியும் நின்றது. பணியாளரைக் குறை சொல்லிப் பயனில்லை. திறப்பு எதற்கு என்று அவரிடம் யாரும் சொன்னதில்லை. அந்தச் சுவரில் "இதை அடைக்காதீர்கள், மூச்சு முட்டும்" என்று பெயிண்டில் எழுதி வைப்பது கூண்டுக்குச் செலவிடும் பணத்தைவிடப் பயன் தரும்.

சமையற்கட்டின் எக்ஸாஸ்ட் ஃபேனுக்கும் பாய்லருக்கும் தொடர்பு உண்டா?

உண்டு. மண்டபச் சமையற்கட்டில் சுழலும் பெரிய விசிறிகள் மணிக்கு ஆயிரக்கணக்கான கன மீட்டர் காற்றை வெளியே தள்ளுகின்றன. பாய்லரும் அதே கூடத்திலோ, கதவு திறந்த அடுத்த அறையிலோ இருந்தால், அவ்வளவு காற்றும் எங்கிருந்தாவது உள்ளே வந்தாக வேண்டும். சன்னல்கள் சாத்தியிருந்தால் அது வரும் எளிய வழி புகைக்கூண்டுதான். மேலே போக வேண்டிய வாயு அப்போது கீழே இறங்கும். முகூர்த்த நாளன்று விடியற்காலை எல்லா விசிறிகளும் ஓடும்போது மட்டும் இப்படி நடப்பதால், மெக்கானிக் சாவகாசமாக வந்து பார்க்கும் வேளையில் எல்லாம் சரியாக இருப்பதாகத் தோன்றும். பாய்லரைத் தனி அறையில், தனிக் காற்றுவழியோடு வைத்து, இடைக்கதவைத் தானாகச் சாத்திக்கொள்ளும்படி அமைப்பதே தீர்வு.

எந்தக் குழாயைப் போடலாம்?

பி.வி.சி. குழாய் எந்த நிலையிலும் கூடாது. 200 டிகிரி வாயுவில் உருகிவிடும். ஆஸ்பெஸ்டாஸ் சிமெண்டுக் குழாய் நம் பக்கத்து அடுக்களைகளில் நெடுங்காலமாக இருந்துவருகிறது; ஆனால் அது திடீர்ச் சூட்டில் வெடிப்பு விடும், அறுத்தாலும் உடைத்தாலும் அதன் நார் நுரையீரலுக்குக் கேடு. புதிதாகப் போடாதீர்கள், பழையதைக் கழற்றும்போது நனைத்துவிட்டு, உடைக்காமல் முழுதாக இறக்குங்கள்.

ஜி.ஐ. தகரக் குழாய் மலிவு, எந்தப் பட்டறையிலும் சுருட்டித் தருவார்கள். தொடர்ந்து 200 டிகிரிக்கு மேல் சூடானால் அதன் துத்தநாகப் பூச்சு உரியத் தொடங்கும். பாய்லரை ஒட்டிய குட்டைத் துண்டுக்கு, ஆண்டுக்கொரு முறை தட்டிப் பார்த்து மாற்றுவதாக இருந்தால் அதைப் பயன்படுத்தலாம். கூண்டு முழுமைக்கும் எஸ்.எஸ். 304 என்னும் துருப்பிடிக்காத எஃகைப் போட்டுவிடுவதே நீண்ட காலத்துக்குச் செலவு குறைந்த வழி. உவரி, இடிந்தகரை, கூட்டப்புளி போன்ற கடலோர ஊர்களில் உப்புக்காற்று 304-ஐயும் புள்ளி புள்ளியாக அரிக்கும். அங்கே 316 என்னும் தரத்தைப் போட வேண்டும்.

குழாயின் விட்டம் பாய்லரின் வாய் அளவுக்குக் குறையவே கூடாது. கையில் இருக்கிறதென்று மிகப் பெரிய குழாயைப் போடுவதும் தவறு. அகன்ற குழாயில் வாயு மெதுவாக ஏறி, ஆறி, நீர்கோத்துவிடும். பாய்லரிலிருந்து கூண்டுவரை செல்லும் குழாய் குட்டையாக, ஒரு மீட்டருக்கு 2 சென்டிமீட்டராவது மேல்நோக்கிச் சரிந்து, இரண்டுக்கு மேற்படாத எல்போக்களுடன், ஒவ்வொரு மூட்டிலும் மூன்று திருகாணிகளுடன் இருக்கட்டும்.

குழாயின் அடியில் கறுப்புத் தண்ணீர் சொட்டுகிறது. மழைநீரா?

மழையில்லாத நாளிலும் சொட்டினால் அது எரிதலில் உண்டான நீராவி ஆறியது. நம் பாய்லர்கள் குறைந்த நேரமே ஓடுவதால், கூண்டு முழுவதும் சூடேறுவதற்குள் பர்னர் நின்றுவிடுகிறது; ஆவி குளிர்ந்த மேற்பகுதியில் நீராகி, கந்தகத்தோடு சேர்ந்து அமிலமாகிக் குழாயை உள்ளிருந்து அரிக்கிறது. 2020 ஏப்ரல் முதல் விற்கப்படும் பி.எஸ். 6 (பாரத் ஸ்டேஜ் எனும் மாசு வரம்பு) டீசலில் கந்தகம் பத்து இலட்சத்தில் 10 பங்குதான் என்பதால் இந்த அரிப்பு முன்பைவிடக் குறைவு. கந்தகம் மிகுந்த ஃபர்னஸ் ஆயில் எரிப்பவர்களுக்கு அந்தச் சலுகை இல்லை. மாடிக்கு வெளியே வெட்டவெளியில் நிற்கும் பகுதிக்கு ராக்வூல் என்னும் சூடு காக்கும் கனிமப் பஞ்சைச் சுற்றி, மேலே அலுமினியத் தகடு போர்த்துவதும், கூண்டின் அடியில் நீர் வடியும் திருகு ஒன்று வைப்பதும் போதும். பாய்லரைப் பலமுறை சிறிது சிறிதாக ஓட்டுவதைவிட ஒரே மூச்சில் ஓட்டுவதும் உதவும்.

தாத்தா காலத்து அடுக்களைப் புகைக்கூண்டு இருக்கிறது. அதிலேயே இணைத்துவிடலாமா?

அப்படியே இணைக்கக் கூடாது. விறகடுப்புக்காகக் கட்டிய செங்கல் கூண்டு மிக அகலமானது. உள்ளே காரை உதிர்ந்து, செங்கல் இடுக்குகள் வழியே மாடி அறைக்குள் வாயு கசியும். பல வீடுகளில் அது நேர்க் கூண்டாக இல்லாமல் பக்கவாட்டில் திறந்திருக்கும். உள்ளே ஒரு எஸ்.எஸ். குழாயை முழு உயரத்துக்கும் இறக்கி, அடியிலும் உச்சியிலும் இடைவெளியை அடைத்துவிட்டால் பழைய கூண்டு நல்ல உறையாகப் பயன்படும். குழாய் இறக்குவதற்கு முன் உள்ளே குருவிக்கூடும் தேனடையும் இல்லை என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

விறகடுப்பையோ ஜெனரேட்டரையோ அதே கூண்டில் சேர்க்கலாமா?

கூடாது. விறகின் கரிப்பிசின் கூண்டுக்குள் தீப்பற்றக்கூடியது; பாய்லர் நின்றிருக்கும்போது அடுப்புப் புகை பர்னருக்குள் இறங்கி, சுடரைக் கண்காணிக்கும் அதன் ஒளி உணரியை மறைத்துவிடும். ஜெனரேட்டர் நிலைமை இன்னும் மோசம். அதன் புகை அழுத்தத்தோடு வருவதால் பாய்லர் வழியாக நேரே அறைக்குள் புகும். ஜெனரேட்டருக்கென்று மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் தனிக் கணக்கே உண்டு: கட்டடத்தின் உயரத்தோடு, இயந்திரத்தின் திறனைக் குறிக்கும் கே.வி.ஏ. எண்ணின் வர்க்கமூலத்தில் ஐந்தில் ஒரு பங்கை மீட்டராகச் சேர்க்க வேண்டும். 25 கே.வி.ஏ. இயந்திரமென்றால் கட்டடத்துக்கு மேல் ஒரு மீட்டர்.

எங்களுடையது ஓட்டு வீடு. கூரை வழியாகக் குழாய் போகலாமா?

போகலாம், ஆனால் பனங்கையும் சட்டமும் நெருப்பைத் தேடி நிற்பவை. ஒற்றைத் தகடுக் குழாய்க்கும் மரத்துக்கும் இடையே 45 சென்டிமீட்டர் இடைவெளி வேண்டும். அவ்வளவு இடம் கைமரங்களுக்கு நடுவே கிடைக்காது. ஆகவே கூரையைக் கடக்கும் பகுதிக்கு, நடுவில் ராக்வூல் அடைத்த இரட்டைத் தகடுக் குழாயைத் தயாரிப்பாளர் சொல்லும் இடைவெளியோடு போடுங்கள். ஆண்டாண்டாகச் சூடு பட்ட மரம் கருகிக் கருகி, பின்னர் மிகக் குறைந்த சூட்டிலேயே பற்றிக்கொள்ளும் என்பதால், "பத்து வருசமாக ஒன்றும் ஆகவில்லை" என்பது ஒரு சான்றே அன்று. கீற்றுக் கொட்டகைக்குள் பாய்லரே வேண்டாம். கல்யாணத்துக்கு மாடியில் கீற்றுப் பந்தல் போடும்போது கூண்டின் உச்சி பந்தலுக்குள் சிக்கியிருக்கிறதா என்று பந்தல்காரர் பார்க்க மாட்டார். நீங்கள்தான் பார்க்க வேண்டும்.

உச்சியில் தொப்பி வேண்டுமா?

வேண்டும். ஐப்பசி, கார்த்திகை அடைமழை நேரே உள்ளே இறங்கினால் பாய்லரின் தீயறைச் செங்கல் ஊறிவிடும். தொப்பிக்கும் குழாய் வாய்க்கும் இடையே குழாயின் விட்டம் அளவுக்காவது இடைவெளி இருக்கட்டும். தாழ்வாக வைத்த தொப்பி புகையையே அமுக்கும். அம்மியைப் பறக்கவிடும் ஆடிக்காற்று தகரத் தொப்பியை விட்டுவைக்காது. கம்பியால் கட்டாமல் போல்ட் போட்டு முடுக்குங்கள், பத்தடிக்கு மேல் நிற்கும் கூண்டுக்கு மூன்று பக்கமும் இழுகம்பி கட்டுங்கள். பறவைகளுக்காக வலை போடுவதாக இருந்தால் கண் அரை அங்குலத்துக்குக் குறையக் கூடாது.

காற்று அளவுக்கு மீறி இழுப்பதும் ஒரு கோளாறே; சூடு முழுவதும் மேலே போய்விடும், டீசல் வீணாகும். இதற்காகவே குழாயில் தானே அசைந்து திறந்து மூடும் டேம்பர் பொருத்துகிறார்கள். இழுவை கூடும்போது அது திறந்து அறைக்காற்றைச் சேர்த்துக்கொள்ளும். அது ஆடும்போது சத்தம் வருகிறதென்று கம்பியால் கட்டிவிடாதீர்கள்.

பர்னர் பற்றாமல் நின்றுவிட்டால் ரீசெட் பட்டனை எத்தனை முறை அழுத்தலாம்?

ஒரு முறை. ஒவ்வொரு முறை அழுத்தும்போதும் எரியாத டீசல் தீயறைக்குள் தெளிக்கப்படுகிறது. ஐந்தாறு முறை அழுத்திய பிறகு பொறி பற்றினால் தேங்கிய எண்ணெய் முழுவதும் ஒரே நேரத்தில் பிடித்து, வெடிச்சத்தத்தோடு குழாயைக் கழற்றி வீசி, அறை முழுவதும் கரியைக் கொட்டும். விருந்தினர் வெந்நீர் கேட்டு அவசரப்படுத்தும் விடுதிகளில்தான் இது நடக்கிறது. ஒரு முறை அழுத்தியும் பற்றவில்லையென்றால் எண்ணெய் வால்வை மூடிவிட்டு ஆளை அழையுங்கள்.

ஆண்டுதோறும் என்ன பார்க்க வேண்டும்? வரும் மெக்கானிக்கிடம் என்ன கேட்பது?

சாரல் தொடங்குமுன், வைகாசியில் ஒரு முறை கூண்டை உச்சியிலிருந்து தூரிகை விட்டு இழுத்து, அடிக்கதவு வழியாகக் கரியை அள்ள வேண்டும். நாசிலை மாற்றி, மின்முனைகளின் இடைவெளியைச் சரிபார்க்க வேண்டும். வேலை முடிந்ததும் "நன்றாக எரிகிறது" என்ற வாய்ச்சொல்லோடு அனுப்பிவிடாதீர்கள். புகைவாயு அளக்கும் கருவி கொண்டுவரச் சொல்லி, எண்களைத் தாளில் எழுதி வாங்குங்கள்: ஆக்சிஜன் 3 முதல் 5 சதவீதத்துக்குள், வாயுவின் வெப்பம் 180 முதல் 250 டிகிரிக்குள், புகைக்கறை எண் பூஜ்யம் அல்லது ஒன்று. புகைக்கறை எண் என்பது வெள்ளைத் தாள் வழியாக வாயுவை இழுத்து, படியும் கறையைப் பூஜ்யம் முதல் 9 வரையிலான அட்டையோடு ஒப்பிடுவது. கருவி இல்லாத மெக்கானிக் சுடரின் நிறத்தைப் பார்த்துக் காற்றைத் திருகுவார். அனுபவசாலிகளும் அதில் ஏமாறுவதுண்டு.

வீட்டிலுள்ளவர்கள் செய்யக்கூடிய சோதனையும் ஒன்று உண்டு. எல்லாக் கதவுகளையும் சாத்தி, எல்லா எக்ஸாஸ்ட் ஃபேன்களையும் ஓடவிட்டு, பாய்லரைப் பத்து நிமிடம் எரியவிடுங்கள். பிறகு பற்றவைத்த ஊதுபத்தியை டேம்பரின் வாயருகே பிடியுங்கள். அதன் புகை உள்ளே வளைந்து போனால் இழுவை இருக்கிறது. தயங்கி நின்றாலோ உங்கள் முகத்துக்கு நேரே வந்தாலோ பாய்லரை நிறுத்திவிட வேண்டும். எண்ணெய்க் கசிவோ டீசல் நெடியோ இருந்தால் இந்தச் சோதனையைச் செய்யாதீர்கள்.

பழைய இன்ஜின் ஆயிலைக் கலந்து எரிக்கிறார்களே?

எரிக்கிறார்கள். கரி பலமடங்கு படியும், நாசில் அடைபடும், அந்த எண்ணெயில் கரைந்திருக்கும் உலோகத் துகள்கள் அக்கம்பக்கத்து மாடிகளில் படியும். செய்யாதீர்கள்.

எங்களிடம் இருப்பது செப்பு விறகு பாய்லர். இவை அதற்கும் பொருந்துமா?

காற்றுவழி பற்றியும் கார்பன் மோனாக்சைடு பற்றியும் சொன்னவை முழுவதும் பொருந்தும். புறவாசலில் திறந்த வெளியில் வைத்து எரிக்கும்வரை அதனால் கேடில்லை. மழைக்காக அதைக் குளியலறைக்குள் தூக்கி வைப்பதும், சிரட்டைக்கனல் உள்ளே இருக்கக் கதவைச் சாத்திக் குளிப்பதும்தான் உயிரைக் குடிக்கும். கனல் புகைவதில்லை என்றாலும் கார்பன் மோனாக்சைடு மிகுதியாக வருவது அதிலிருந்துதான்.

இதற்கு அரசு அனுமதி வேண்டுமா?

தண்ணீரை 100 டிகிரிக்குக் கீழே சூடாக்கும் வெந்நீர் பாய்லர், கொதிகலன் சட்டத்தின் வரையறைக்குள் வராது. 1923-ஆம் ஆண்டுச் சட்டத்துக்கு மாற்றாக 2025-இல் வந்த புதிய சட்டத்திலும் அப்படியே. ஆனால் மண்டபங்களில் இட்லிக்கும் சோற்றுக்கும் நீராவி தரும் பாய்லர், 25 லிட்டருக்குக் குறையாத கொள்ளளவும் சதுர சென்டிமீட்டருக்கு ஒரு கிலோவுக்குக் குறையாத அழுத்தமும் உடையதென்றால் பதிவும் ஆண்டுச் சோதனையும் வேண்டும். டீசலைப் பொறுத்தவரை, ஒரே இடத்தில் 2,500 லிட்டருக்கு மேற்படாமலும், எந்தக் கலமும் 1,000 லிட்டருக்கு மேற்படாமலும் இருந்தால் பெட்ரோலியச் சட்டப்படி உரிமம் தேவையில்லை. தொட்டியைப் பர்னருக்குப் பக்கத்தில் வைக்காதீர்கள் என்பதற்குச் சட்டம் வேண்டியதில்லை.

வெள்ளம் புகுந்த பாய்லரைத் திரும்ப ஓட்டலாமா?

2023 டிசம்பரில் தாமிரபரணி கரை மீறியதுபோன்ற வெள்ளத்தில் நனைந்த பர்னரை, உலர்ந்துவிட்டது என்று தாமே ஓட்டிப் பார்க்கக் கூடாது. மோட்டார், மின்பெட்டி, ஒளி உணரி மூன்றையும் கழற்றிச் சோதிக்க வேண்டும். டீசல் தொட்டியின் அடியில் சேர்ந்த தண்ணீரை வடிக்க வேண்டும். கூண்டின் அடிக்கதவைத் திறந்து சேறு அள்ளுவதைப் பலரும் மறந்துவிடுகிறார்கள். அந்தச் சேறு வாயுவின் வழியைப் பாதி அடைத்திருக்கும்.

சூரிய வெந்நீர் கருவிக்கு மாறிவிட்டோம். பழைய கூண்டை என்ன செய்வது?

நம் வெயிலுக்கு அது நல்ல முடிவு. சாரல் மாதங்களுக்கு, காற்றிலுள்ள வெப்பத்தை எடுத்துத் தண்ணீரைச் சூடாக்கும் ஹீட் பம்ப் துணைக்கு இருந்தால் டீசல் தேவையே இராது. பர்னரையும் எண்ணெய்க் குழாயையும் தொட்டிவரை முழுவதுமாகக் கழற்றிவிடுங்கள். பாய்லர் போன பிறகும் சுவரில் நீட்டிக்கொண்டிருக்கும் எண்ணெய்க் குழாயின் வால்வை யாரேனும் ஒருநாள் திறந்து பார்ப்பார்கள். கூண்டின் உச்சியை மழை புகாத, காற்று மட்டும் போகும் மூடியாலும், அடியைச் செங்கல்லாலும் அடைத்து, அந்தப் பூச்சின்மேல் "பயன்பாட்டில் இல்லை" என்று ஆண்டோடு எழுதி வையுங்கள். பிற்காலத்தில் வீட்டை வாங்குபவரோ வாடகைக்கு வருபவரோ அதில் ஒரு கேஸ் கீசரின் குழாயைச் செருகிவிடாமல் அது தடுக்கும்.